பொட்டாசியம் ஒரு நாள் 6.4, மறுநாள் 4.5: எதை நம்புவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறார். போன மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். முழங்கை மடிப்பில் நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினார்கள், கடைசியில் புறங்கையில் எடுத்தார்கள். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார்கள். மொத்தம் ஐந்து டியூப். ரத்தம் கறுப்பாக வந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். கெட்ட ரத்தம் என்று பக்கத்து வீட்டு ஆயா வேறு சொல்லிவிட்டார். மறுநாள் போன் வந்தது, பொட்டாசியம் 6.4, உடனே வாருங்கள் என்று. ஓடினோம். திரும்ப எடுத்ததில் 4.5. முதல் ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' என்று ஒரு வரி இருந்தது. சர்க்கரையும் இப்படித்தான். அன்று காலை ஆறு மணிக்கு வீட்டு மீட்டரில் 8.1, கிளினிக்கில் பத்து மணிக்கு எடுத்ததில் 7.2. சென்னையில் இருக்கும் சித்தி 126-க்குள் இருக்க வேண்டும் என்கிறார். அண்ணன் இனி பிரைவேட் லேப்தான் என்கிறான். அம்மா இனி ரத்தமே கொடுக்க மாட்டேன் என்கிறார். நாங்கள் எதை நம்புவது?"

அன்புச் சகோதரிக்கு,

4.5-ஐ நம்புங்கள். அம்மாவை அடுத்த முறையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். நான் டாக்டர் இல்லை, லேபில் வேலை பார்த்தவன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்ல வேண்டியவை. ஆனால் கையிலிருந்து மெஷின் வரைக்கும் ரத்தம் என்ன பாடுபடுகிறது என்பதை என்னால் சொல்ல முடியும். நீங்கள் கேட்டதற்கான பதில் பெரும்பாலும் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அம்மாவின் பயத்தைப் பார்ப்போம், அதுதான் அவரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். சிரையில் (நீங்கள் நரம்பு என்று எழுதியிருக்கும் ரத்தக் குழாயில்) ஓடும் ரத்தம் எல்லாருக்கும் கருஞ்சிவப்புதான். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு தமனி வழியாகப் போகும் ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். தசைகளுக்கும் உறுப்புகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டுச் சிரை வழியாகத் திரும்பும்போது நிறம் அடர்ந்துவிடும். டியூபில் மொத்தமாகச் சேரும்போது இன்னும் கறுப்பாகத் தெரியும். இருபது வயது விளையாட்டு வீரனின் கையில் எடுத்தாலும் அதே நிறம்தான் வரும். அதில் கெட்டது எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் இதைச் சொல்லுங்கள்.

நல்ல சிவப்பாக இருக்கும் தமனி ரத்தத்தையே ஏன் எடுக்கக்கூடாது என்று சிலர் கேட்பதுண்டு. தமனி ஆழத்தில் இருக்கிறது, அழுத்தம் அதிகம், குத்தினால் நன்றாக வலிக்கும், ரத்தம் நிற்கவும் நேரம் பிடிக்கும். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, ரத்தத்தின் அமிலத்தன்மை என்ன என்று பார்க்க மணிக்கட்டுத் தமனியில் எடுப்பார்கள். மற்றபடி சிரைதான். தோலுக்குக் கீழேயே இருக்கிறது, சுவர் மெல்லியது, அழுத்தம் குறைவு, சற்று அமுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ரிப்போர்ட்டில் ஓரமாக 'இதிலிருந்து இதுவரை நார்மல்' என்று அச்சிட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் சிரை ரத்தத்தை வைத்து வகுத்தவை. விரலில் குத்திய சொட்டையோ தமனி ரத்தத்தையோ எல்லாவற்றுக்கும் அந்த எண்களோடு ஒப்பிட முடியாது.

ஐந்து டியூப் என்பதும் பார்க்கத்தான் அதிகம். ஒரு டியூபில் 2 முதல் 5 மில்லி வரைதான் பிடிக்கும். ஐந்தும் சேர்ந்து ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வரும். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரத்த தானம் செய்பவர்கள் ஒரே உட்காரலில் சுமார் 450 மில்லி கொடுத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். அம்மாவிடம் எடுத்த அளவை உடம்பு சத்தமில்லாமல் ஈடு செய்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே டியூபில் எடுக்க முடியாததற்குக் காரணம் உள்ளே இருக்கும் மருந்து. ஊதா மூடியில் இடிடிஏ என்ற உப்பு இருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உறையாமல் காக்கும். ஹீமோகுளோபின், அணுக்களின் எண்ணிக்கை, மூன்று மாத சர்க்கரை எனப்படும் ஹெச்பிஏ1சி எல்லாம் அதில்தான். வெளிர் நீல மூடியில் சிட்ரேட். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்ப்பதற்கு அது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு தவறக்கூடாது, அதனால் கோடு வரைக்கும் நிரம்பாத நீல டியூபை லேப் வாங்காது. மஞ்சள் மூடியில் ரத்தத்தை உறைய விடுவோம். தயிர் தோய்வதற்குக் காத்திருப்பது போல அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு மெஷினில் வேகமாகச் சுற்றினால் மேலே தெளிந்த சீரம் நிற்கும். பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு எல்லாம் அந்தச் சீரத்தில் பார்ப்பவை. சாம்பல் மூடியில் ஃபுளோரைடு, அது சர்க்கரைக்கு.

டியூப்களை நிரப்புவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது: நீலம், மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாவில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ. அந்த டியூபிலிருந்து கொஞ்சம் மஞ்சள் டியூபில் கலந்துவிட்டால் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியும் கால்சியம் சடாரென்று இறங்கியும் காட்டும். அந்த இரண்டையும் ஒரே ரிப்போர்ட்டில் பார்த்தால் லேப்காரர்கள் உடனே சந்தேகப்படுவார்கள்.

இப்போது 6.4-க்கு வருகிறேன். பொட்டாசியத்தின் நார்மல் அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5.1 வரை. இது நாம் அளக்கும் சீரத்தில் இருக்கும் அளவு. ஆனால் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி அணுக்களுக்குள்தான் அடைந்து கிடக்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் இருக்கும் செறிவு, வெளியே இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். அதனால் ரத்தம் எடுக்கும்போதோ எடுத்த பிறகோ கொஞ்சம் சிவப்பணுக்கள் உடைந்தாலும் உள்ளே இருந்தது வெளியே கொட்டி எண் ஏறிவிடும். அம்மாவின் உடம்புக்குள் அளவு சரியாகவே இருந்திருக்கும், ஏறியது டியூபுக்குள். நீங்கள் பார்த்த 'ஹீமோலைஸ்டு' என்ற வரி சொல்வது இதைத்தான், சிவப்பணு உடைந்திருக்கிறது என்று. உடைந்தால் ஹீமோகுளோபினும் வெளியே வந்து, மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் ரோஜா நிறமாகவோ சிவப்பாகவோ ஆகிவிடும். அந்த நிறத்தை மெஷினே அளந்து சொல்லிவிடும்.

ஏன் உடைந்தது? நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். இரண்டு தடவை குத்தியிருக்கிறார்கள், கடைசியில் புறங்கையின் சின்னச் சிரையில் எடுத்திருக்கிறார்கள். சிரை சின்னதாக இருந்து, ஊசியும் மெல்லியதாக இருந்து, வேகமாக இழுத்தால் அணுக்கள் நசுங்கும். டியூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாமல் குலுக்கினாலும் உடையும். அதோடு கையை மூடி மூடித் திறந்ததும் சேர்ந்திருக்கிறது. முன்கைத் தசை வேலை செய்யும்போது தன் பொட்டாசியத்தை ரத்தத்தில் விடும். மேலே ரப்பர் பட்டை கட்டியிருப்பதால் அந்த ரத்தம் அங்கேயே தேங்கும், ஊசி அதைத்தான் எடுக்கும். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால் ரத்தத்தின் நீர் குழாய்க்கு வெளியே கசிந்து, புரதம், கால்சியம், கொழுப்பு எல்லாமே கொஞ்சம் கூடித் தெரியும். சிரை தேடும் அவசரத்தில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்பது ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெருக்கடியான கிளினிக்கில் ஒரு நர்ஸ் காலையில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் யோசியுங்கள். அவர் மேல் கோபப்படுவதற்கு இதில் எதுவும் இல்லை.

அப்படியானால் எதற்காக உங்களை ஓட விட்டார்கள்? இதில் நான் லேப் பக்கம்தான் நிற்பேன். பொட்டாசியம் உண்மையிலேயே 6.4 இருந்தால் இதயத் துடிப்பு தடம் மாறலாம், உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அது நாள்பட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனலாப்ரில் வகை மாத்திரை பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. அதனால் இவருக்கு அந்த எண் உண்மையாக இருக்கவும் வாய்ப்பு இருந்தது. சிவப்பணு உடைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அதை ஒதுக்கிவிட முடியாது. உடைந்த சாம்பிளில் உண்மையான ஏற்றமும் ஒளிந்திருக்கலாம். அதைத் தீர்த்து வைக்க ஒரே வழி, புதிதாக ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான். எண்ணைப் பார்த்ததும் சந்தேகத்தை எழுதி வைத்து, போன் செய்து, மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நல்ல லேப் செய்ய வேண்டியது இதுதான்.

அண்ணன் இனி பிரைவேட் லேப்தான் என்கிறார், மெஷின் மேல் சந்தேகம் போலிருக்கிறது. மெஷினும் பழுதாகலாம்தான். ஆனால் முன்பே அளவு தெரிந்த சாம்பிளை ஒவ்வொரு நாளும் ஓட்டிச் சரிபார்த்த பிறகே நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றுகிறோம். வெளியிலிருந்து வரும் சோதனைச் சாம்பிள்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சனாஸ் அமைப்பு ஐஎஸ்ஓ 15189 விதிகளின்படி மருத்துவ லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது, அரசு லேப், பிரைவேட் லேப் இரண்டுக்கும் அதே விதிகள்தான். லேப் முடிவுகளில் நேரும் பிழைகளில் பாதிக்கும் மேல் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன: எடுக்கும் நாற்காலியில், எழுதும் லேபிளில், வண்டியில் போகும் வழியில். பணம் கொடுத்து வேறு லேபுக்குப் போனாலும் அம்மாவின் சிரை அதே சிரைதான், டியூப் அதே டியூப்தான். போவது உங்கள் விருப்பம். ஆனால் பழைய ரிப்போர்ட்களைக் கையோடு கொண்டு போங்கள், இல்லாவிட்டால் டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

வண்டி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலானவை அங்கேயே சோதிக்கப்படுவதில்லை, கூரியர் வண்டியில் லேபுக்குப் போகின்றன. டியூபில் இருக்கும் அணுக்களுக்கு உயிர் இருக்கிறது, அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். தடுக்காமல் விட்டால் சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். ஜனவரி மாத டர்பன் வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். அதற்காகத்தான் சாம்பல் மூடி டியூபில் ஃபுளோரைடு போடுகிறோம். அதுவும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆவதால், அந்த இடைவெளியில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சரி, குளிரில் வைத்துவிடலாமே என்றால் பொட்டாசியத்துக்கு அது ஆகாது. பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் அணுக்களில் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும் வேலை நின்று அது வெளியே கசியும். ஒரே கையிலிருந்து வந்த ரத்தத்திலேயே ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். சீக்கிரம் கொண்டு சேர்ப்பதும் சீக்கிரம் சீரத்தைப் பிரிப்பதும்தான் வழி.

உங்கள் 8.1, 7.2 கணக்குக்கும் இதில் பாதி விடை கிடைத்துவிட்டது. முதலில், இரண்டும் ஒரே நேரத்து ரத்தம் இல்லை, நடுவில் நாலு மணி நேரம். அடுத்தது, வீட்டு மீட்டர் அளப்பது விரல் நுனியின் நுண்குழாய் ரத்தம். வெறும் வயிற்றில் அதற்கும் சிரை ரத்தத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை நன்றாகவே கூடுதலாக இருக்கும். மூன்றாவது, மீட்டருக்கென்று ஏற்றுக்கொண்ட ஏற்ற இறக்கம் ஒன்று உண்டு. சர்வதேசத் தரம் 5.55-க்கு மேலே 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம் என்று விட்டிருக்கிறது. 7.2-க்கும் 8.1-க்கும் உள்ள தூரம் 12.5 சதவீதம். ஆகவே மீட்டர் கெட்டுப்போகவில்லை, லேபும் தவறவில்லை. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு குத்துங்கள். மாம்பழமோ லிச்சியோ உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான் மீட்டர் காட்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டுவது சிரை ரத்தத்தை வைத்துத்தான், மீட்டரை வைத்து அல்ல. வீட்டில் தினமும் எப்படிப் போகிறது என்று கவனிக்க மீட்டர் நல்ல துணை.

சித்தி சொல்வதும் சரிதான், கணக்குத்தான் வேறு. சர்க்கரையை நாம் இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்கிறோம், அங்கே 100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று. நம் எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்: 7.0 என்றால் அங்கே 126, அம்மாவின் 7.2 அங்கே 130. வெறும் வயிற்றில் 7.0-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது கண்டுபிடிப்பதற்கான எல்லை. ஏற்கெனவே நோய் இருப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை டாக்டர் வயதையும் மற்ற நோய்களையும் பார்த்துச் சொல்வார், 71 வயதில் கொஞ்சம் தளர்த்தியே வைப்பார்கள். கிரியேட்டினினும் இப்படித்தான், ஆனால் அதற்குக் கணக்கு 18 இல்லை. இங்கே 88 என்று வந்தால் சென்னையில் அது 1.0. போனில் எண்ணை மட்டும் சொல்லி ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை அம்மாவைக் கூட்டிப் போகும்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வெறும் வயிற்றுச் சோதனை என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு கூடாது, ஆனால் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். நம்மவர்கள் பலர் விரதம் என்றதும் தண்ணீரையும் விட்டுவிடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றினால் சிரை சுருங்கும், ரத்தம் எடுப்பவர் தேடித் தேடிக் குத்துவார். அம்மா போன முறை தண்ணீர் குடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். பால் இல்லாத டீயும் வேண்டாம். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் உட்காருவது ஆபத்து, சர்க்கரை கீழே விழுந்து மயக்கம் வரும். காலை மருந்தை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே நர்ஸிடம் கேளுங்கள், பையில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிடட்டும். காவடி விரதத்தில் இருக்கும்போதும், வெயிலில் காவடி எடுத்து நடந்த மறுநாளும் வழக்கமான சோதனைக்குப் போகாமல் சில நாள் தள்ளிப் போடுவது நல்லது. நீர் வற்றலும் தசை உழைப்பும் எண்களை மாற்றிவிடும். அவசரச் சோதனை என்றால் தள்ளிப் போடாதீர்கள், விரதத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

போனதும் கால் மணி நேரம் அமைதியாக உட்காரட்டும். கை சில்லென்று இருந்தால் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தால் சிரை எழும்பும். எடுப்பவரிடம், "போன தடவை புறங்கையில்தான் கிடைத்தது, சாம்பிளில் சிவப்பணு உடைந்துவிட்டது" என்று முதலிலேயே சொல்லுங்கள். இப்படிச் சொல்லத் தயங்காதீர்கள், எங்களுக்கு அது பெரிய உதவி. அவர் இன்னும் அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடலாம். அம்மா கையை லேசாக மூடி வைத்துக்கொண்டால் போதும், மூடித் திறக்க வேண்டாம். எடுத்த பிறகு முழங்கையை மடக்காமல் நீட்டி வைத்து மூன்று நாலு நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்கட்டும். மடக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து நீலம் பாரிக்கும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் இன்னும் கொஞ்ச நேரம். அந்தக் கையில் ஷாப்பிங் பை தூக்க வேண்டாம். முடி வளர்வதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், தைராய்டு சோதனைகள் சிலவற்றை அது குழப்பும்.

நம் ஊருக்கென்றே இருக்கும் ஒரு தொல்லை பெயர். ஒரே காலையில் ஒரே கிளினிக்கில் கோவிந்தர் என்ற குடும்பப் பெயரில் மூன்று பேரும், பிள்ளை என்ற பெயரில் இரண்டு பேரும், நாயுடு என்ற பெயரில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், முதல் பெயரும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். அதனால் பெயரைக் கூப்பிட்டதும் ஆமாம் என்று தலையாட்டி விடாமல், முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அம்மா தன் வாயால் சொல்லட்டும். ஐடி புத்தகத்தில் உள்ள 13 இலக்க எண் பிறந்த தேதியில்தான் தொடங்குகிறது, டியூபில் அது இருந்தால் இன்னும் பத்திரம். எடுத்த டியூபில் அம்மா எழுந்து போவதற்கு முன்பே, அவர் கண் முன்னாலேயே லேபிள் ஒட்ட வேண்டும். ஒட்டியதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கடைசியாக, கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பை அம்மாவின் சமையலில் சேர்க்கிறீர்களா என்று பாருங்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது. எனலாப்ரில் சாப்பிடுபவருக்கு டாக்டரைக் கேட்காமல் அது கூடாது. இனி எப்போதாவது பொட்டாசியம் 6-க்கு மேல் என்று போன் வந்தால், போன தடவையும் இப்படித்தான் வந்தது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே போய்த் திரும்ப ரத்தம் கொடுங்கள். கை கால் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, மயக்கம் எதாவது இருந்தால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.